கதிர்வீச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பு: இயற்பியலுக்கு அஞ்சுபவர் சேரலாமா?

புதுமுகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கதிர்வீச்சுச் சிகிச்சைப் பட்டப்படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர்வதா வேண்டாமா என்று இரண்டு வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரியல் எனக்குப் பிடித்த பாடம். இயற்பியலிலோ தேர்ச்சி பெறுவதற்கே மிகவும் உழைக்க வேண்டியிருந்தது. பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் முதலாண்டிலேயே கதிர்வீச்சு இயற்பியலும் உடற்கூறியலும் வந்துவிடுகின்றன. இரண்டாம் பருவத்திலிருந்து மருத்துவமனைப் பயிற்சியும் தொடங்கிவிடுகிறது.

வீட்டுப் பெரியவர் ஒருவர், "மருத்துவர் எழுதித் தருகிறார், இயற்பியலாளர் கணக்குப் போடுகிறார், பொத்தானை அழுத்துபவருக்கு எதற்குப் பல்கலைக்கழகப் பட்டம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கதிர்களுக்கு நடுவே பல ஆண்டுகள் வேலை செய்வது உடலுக்குப் பாதுகாப்பானதா, நாள்தோறும் புற்றுநோயாளிகளைப் பார்ப்பதை மனம் தாங்குமா என்ற கேள்விகளும் இருக்கின்றன. இத்துறையில் இருப்பவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மூன்றாம்ஆண்டு எழுதியது:

வணக்கம் தோழி. நானும் இயற்பியலுக்குப் பயந்துகொண்டே சேர்ந்தவள்தான். பள்ளியில் அந்தப் பாடம் எனக்கு ஒட்டாமல் போனதற்குக் காரணம், அதில் வந்த எண்கள் எவரையும் பற்றியவையாக இல்லை என்பதே என்று இப்போது தோன்றுகிறது. இங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் மேசையில் படுத்திருக்கும் ஒருவர் இருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் கதிரின் செறிவு குறையும் என்ற விதியை நீங்களும் படித்திருப்பீர்கள். கதிர்மூலத்திலிருந்து 100 சென்டிமீட்டர் தொலைவில் இருக்க வேண்டிய தோல் 98 சென்டிமீட்டரில் இருந்துவிட்டால், அந்த இடத்தில் விழும் கதிர் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது. 95 சென்டிமீட்டரில் இருந்தால் 11 சதவீதம் கூடுகிறது. மேசையின் உயரத்தைச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கைப் போட்ட நாளில்தான் உணர்ந்தேன். அதேபோல, 6 மெகாவோல்ட் எக்ஸ் கதிர் தோலில் முழு அளவை அடைவதில்லை. உள்ளே சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் உச்சத்தை எட்டுகிறது. பெரும்பாலான நோயாளிகளுக்கு இது தோலைக் காக்கும் நன்மை. ஆனால் நோய் தோலிலேயே இருந்தால் இதுவே குறையாகிவிடும் என்பதால், போலஸ் என்ற மென்மையான தகட்டைத் தோலின் மேல் பரப்பி, உச்ச அளவை மேலே கொண்டுவருவோம். அந்தத் தகட்டை ஒருநாள் வைக்க மறந்தால் என்ன நேரும் என்பதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் இயற்பியல்.

சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. திட்டமிடும் மென்பொருள் கணக்கைப் பார்த்துக்கொள்ளும். பொருளைப் புரிந்துகொண்டால் போதும்.

நெடுவழி எழுதியது:

பதினான்கு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். "பொத்தானை அழுத்துபவர்" என்ற சொல்லை நானும் பலமுறை கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

சிகிச்சைக்கு வருபவருக்கு முதலில் நடப்பது சிமுலேஷன். எந்த நிலையில் அவர் நாள்தோறும் படுப்பாரோ அதே நிலையில் படுக்கவைத்து, கையை எங்கே வைப்பது, முழங்காலுக்குக் கீழே எந்தத் தாங்கி, தலைக்கு எந்தத் தலையணை என்று முடிவு செய்து, சி.டி. ஸ்கேன் எடுத்து, தோலில் மிகச் சிறிய புள்ளிகளைப் பச்சை குத்துகிறோம். தலை, கழுத்து நோயாளியாக இருந்தால், வெந்நீரில் இளக்கிய நெகிழித் தகட்டை முகத்தின் மேல் இழுத்து முகமூடி செய்கிறோம். அதன் பிறகு மருத்துவர் ஒவ்வொரு படத்திலும் கண்ணுக்குத் தெரியும் கட்டியை வரைவார். கண்ணுக்குத் தெரியாமல் நோய் பரவியிருக்கக்கூடிய இடத்தையும் சேர்த்து அதைச் சுற்றி ஓர் எல்லை வரைவார். நாள்தோறும் உடல் படுத்திருக்கும் நிலையில் வரக்கூடிய சிறு பிசகுகளுக்காக மேலும் ஓர் இடைவெளி சேர்க்கப்படும். இந்தக் கடைசி இடைவெளி சில மில்லிமீட்டர்கள்தான். அது எங்களை நம்பிப் போடப்பட்ட இடைவெளி. நாங்கள் கவனமாக இருந்தால் அதைச் சுருக்கலாம். சுருக்கினால் அருகில் இருக்கும் நல்ல உறுப்புகள் பிழைக்கும். நாங்கள் தளர்ந்தால் கட்டியின் ஓரம் கதிருக்கு வெளியே போய்விடும்.

தலை இரண்டு பாகை திரும்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சுழலும் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ஓர் இடத்தில் அது மூன்றரை மில்லிமீட்டர் விலகலாகிவிடும். அந்த இடத்தில் தண்டுவடம் இருக்கலாம். வழக்கமான 2 கிரே தவணைகளில் (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர் அளவின் அலகு, தவணை என்பது ஒருமுறை கொடுக்கும் பங்கு) தண்டுவடம் பெறும் மொத்த அளவை 45 முதல் 50 கிரேக்குள் நிறுத்த வேண்டும் என்பது துறையில் எல்லோரும் அறிந்த வரம்பு; தொண்டைக் கட்டிக்கோ 70 கிரே தேவைப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் சில சமயம் ஒரு விரல் அகலம்.

நான் மாணவனாக இருந்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கழுத்துப் பகுதியில் சிகிச்சை பெற்றுவந்த ஒருவர், நான்காவது வாரத்தில் உணவை விழுங்க முடியாமல் மிகவும் மெலிந்துவிட்டார். முதல் வாரத்தில் கன்னத்தோடு இறுகப் பொருந்தியிருந்த முகமூடிக்குள் அன்று என் விரல் நுழைந்தது. மூத்தவரிடம் சொன்னேன். அவர் திரையைப் பார்த்து, "எலும்புகள் பொருந்துகின்றன, தொடரலாம்" என்றார். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் அதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் இன்னொருவரிடம் சொன்னபோது அவர் உடனே மருத்துவரையும் இயற்பியலாளரையும் அழைத்தார். புதிய ஸ்கேனில், காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுருங்கி, உட்பக்கமாக நகர்ந்து, அதிகக் கதிர் விழும் பகுதிக்குள் வந்திருப்பது தெரிந்தது. எலும்பு பொருந்தியது உண்மைதான். அதைச் சுற்றியிருந்த தசை அதே உடலாக இல்லை. திட்டம் மாற்றப்பட்டது. நான் பேசாமல் இருந்த அந்த ஒரு தவணையை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மருத்துவர் நோயாளியை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். இயற்பியலாளர் பெரும்பாலும் நேரில் பார்ப்பதே இல்லை. நாள்தோறும் அவர் உடலைத் தொட்டு நேராக்குகிறவர்கள் நாங்கள்தான். அந்த விரல் நுழைந்ததை வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

அலைநீளம் எழுதியது:

நான் மருத்துவ இயற்பியலாளர். நெடுவழி அவர்கள் எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். மூன்றாம்ஆண்டு எழுதியதில் ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன்: சூத்திரங்களை மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது. கையால் போடக்கூடிய சில கணக்குகள் உங்கள் மனத்தில் எப்போதும் இருக்க வேண்டும்.

நோயாளிகள் அடிக்கடி கேட்பது இது: "நேற்று வர முடியவில்லை, இன்று இரண்டு நாள் பங்கையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்." கேட்பதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், 2 கிரே இருமுறை கொடுத்தாலும் 4 கிரே ஒருமுறை கொடுத்தாலும் கூட்டுத்தொகை ஒன்றுதானே? கதிர்வீச்சு உயிரியல் இதற்கு வைத்திருக்கும் கணக்கு எளியது. மொத்த அளவை, ஒன்றோடு தவணை அளவை ஆல்ஃபா-பீட்டா விகிதத்தால் வகுத்த எண்ணைக் கூட்டி, அதனால் பெருக்க வேண்டும். தவணை பெரிதாகும்போது ஒரு திசு எவ்வளவு கூடுதலாகப் பாதிக்கப்படும் என்பதைக் காட்டும் எண் அது; எண் சிறிதானால் பாதிப்பு அதிகம். அந்த விகிதம் பல கட்டிகளுக்கு 10 என்றும், காலம் கடந்து பாதிப்பைக் காட்டும் நல்ல திசுக்களுக்கு 3 என்றும் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. போட்டுப் பாருங்கள். கட்டிக்கு விளைவு 4.8இலிருந்து 5.6ஆக உயர்கிறது, அதாவது ஏறத்தாழ 17 சதவீதம். நல்ல திசுவுக்கோ 6.7இலிருந்து 9.3ஆக, அதாவது 40 சதவீதம் உயர்கிறது. கட்டியைவிட நோயாளியைத்தான் அதிகமாகத் தாக்குகிறோம்.

ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். சிகிச்சையைச் சிறு தவணைகளாகப் பிரிக்க வேண்டும் என்ற தெளிவு வர அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. பாரிஸில் ரெகோ, குத்தார் என்ற ஆய்வாளர்கள் 1920களில் செய்த வேலை அதில் பெரும்பங்கு வகித்தது. தவணைகளுக்கு இடையே நல்ல உயிரணுக்கள் தங்களைப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. கட்டியின் உயிர்வளி குறைந்த பகுதிகளுக்கு மீண்டும் உயிர்வளி கிடைக்கிறது. உயிர்வளி இல்லாத உயிரணுவைக் கொல்வதற்கு இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் தேவைப்படும் என்பதால் இது சிறிய விஷயமல்ல. அதே நேரத்தில், நாள்களை நீட்டிக்கொண்டே போனால் கட்டியும் மீண்டும் பெருகும். ஆகவே விடுபட்ட நாளை ஈடுகட்டுவதற்கு வாரத்தின் இறுதியில் ஒரு தவணை, அல்லது ஆறு மணி நேர இடைவெளிக்குக் குறையாமல் ஒரே நாளில் இரண்டு தவணை என்று வழி தேடுகிறோம்.

தவணை அளவு கூடவே கூடாது என்றும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மார்பகப் புற்றுநோயில், அறுவை சிகிச்சைக்குப் பிறகு 26 கிரேயை ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளாகக் கொடுப்பது, 40 கிரேயைப் பதினைந்து தவணைகளாகக் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்று 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. தவணையைப் பெரிதாக்கும்போது மொத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று. தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் வரலாற்றை எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். தராவிட்டால் நீங்களே தேடிப் படியுங்கள். 1985க்கும் 1987க்கும் இடையே அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அந்த இயந்திரத்தில் மிகப் பெரிய அளவு கதிரைப் பெற்றார்கள், சிலர் இறந்தார்கள். முந்தைய இயந்திரங்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை நீக்கிவிட்டு மென்பொருளை மட்டும் நம்பியது முதற்பிழை. 1986இல் நடந்த ஒரு நிகழ்வில், இயக்குபவர் எக்ஸ் கதிர் என்று தவறாகத் தட்டியதை எலெக்ட்ரான் என்று விரைவாகத் திருத்தினார். அந்த விரைவை மென்பொருள் தாங்கவில்லை. திரையில் "கோளாறு 54" என்று வந்தது. கொடுத்த அளவு குறைவு என்றும் காட்டியது. அவர் தொடர்வதற்கான விசையை அழுத்தினார். அன்று அந்த அறையின் கேமராவும் ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. உள்ளே இருந்தவர் வலியில் எழ முயன்றதை வெளியே இருந்தவரால் அறிய முடியவில்லை. அந்த இயக்குபவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பொருள் விளங்காத எச்சரிக்கைகளை நாளுக்குப் பலமுறை கண்டு பழகியவர் அவர். பொத்தானை அழுத்தாமல் இருக்க வேண்டிய நேரம் எது என்று தெரிவதற்குத்தான் பட்டப்படிப்பு வேண்டியிருக்கிறது.

மூன்றாம்ஆண்டு எழுதியது:

ஐயா, திருத்தத்தை ஏற்கிறேன். அந்த 40 சதவீதக் கணக்கை இப்போதே போட்டுப் பார்த்தேன்.

பாதுகாப்பு குறித்துக் கேட்டிருந்தீர்கள், தோழி. நேரியல் முடுக்கியை நாங்கள் லினாக் என்று அழைப்போம். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் இயந்திரம் அது. அணைத்தால் கதிர் நின்றுவிடும். கதிர் பாயும்போது உள்ளே நோயாளியைத் தவிர எவரும் இருப்பதில்லை. தடித்த கான்கிரீட் சுவர்களுக்கு இப்பால் இருக்கிறோம். கதவு திறந்தால் கதிர் தானாக நிற்கும். பணியாளருக்கான பன்னாட்டு வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிரால் உடலுக்கு வரக்கூடிய பாதிப்பை அளக்கும் அலகு). நாங்கள் அணியும் அளவி மாதந்தோறும் படிக்கப்படுகிறது. என்னுடையதில் இதுவரை குறிப்பிடும்படி எதுவும் பதிவாகவில்லை. கருவுற்றவர்களுக்கு வரம்பு இன்னும் இறுக்கமானது என்பதால் உடனே தெரிவித்துவிட வேண்டும். உண்மையைச் சொன்னால், பயிற்சியில் எனக்கு வலித்தது முதுகுதான். நோயாளிகளைத் தூக்கி நகர்த்தும் முறையை முதல் வாரத்திலேயே சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

முப்பத்தைந்து_தவணை எழுதியது:

நான் இத்துறையைச் சேர்ந்தவன் அல்லன். தொண்டையில் நோய் வந்து, 35 தவணைகள் முகமூடிக்குள் படுத்திருந்தவன். மனம் தாங்குமா என்று அந்தப் பெண் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

முகமூடியை மேசையோடு பூட்டும் ஓசை எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. முதல் நாள் மூச்சுமுட்டுவதுபோல இருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவர் குனிந்து, "இப்போது நாங்கள் வெளியே போகிறோம். கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பேச முடியாவிட்டால் கையை உயர்த்துங்கள், உடனே நிறுத்திவிட்டு வந்துவிடுவோம்" என்றார். மூன்றாம் நாள் நான் கையை உயர்த்தினேன். வந்தார்கள். சளி அடைத்திருந்தது, துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார்கள். முகம் சுளிக்கவில்லை. சொன்னபடி வந்தார்கள் என்பதால் மீதி 32 நாளும் எனக்குக் கையை உயர்த்தத் தோன்றவில்லை.

தோல் எரிச்சல் சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடும் என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், முடிந்த பின்னும் ஏன் மோசமாகிறது என்று நான் பயந்தே போயிருப்பேன். அம்மா, உங்கள் மனம் தாங்குமா என்று எனக்குத் தெரியாது. தாங்க முடியாத நாளில்கூடச் சொன்னதைச் செய்யுங்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்விக்குறி எழுதியது:

உறுப்புகளின் எல்லையை வரைவதையும் திட்டமிடுவதையும் இப்போது செயற்கை நுண்ணறிவு செய்யத் தொடங்கிவிட்டது. நோயாளியின் நிலையைத் தோல் பரப்பைக் கொண்டே கேமராக்கள் கண்காணிக்கின்றன. நான்கு ஆண்டுகள் படித்து வெளியே வரும்போது வேலையே மாறியிருக்காதா?

சுவடி எழுதியது:

நான் இப்பாடத்தைக் கற்பிப்பவள். மாறியிருக்கும். நான் படித்த காலத்தில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கொண்ட இயந்திரங்களில் பயிற்சி பெற்றோம்; அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள் என்பதால் கதிர்மூலம் தேயத் தேய ஒவ்வொருவருக்கும் சிகிச்சை நேரம் நீளும், மாதந்தோறும் அட்டவணையைத் திருத்துவோம். என் மாணவர்களில் பலர் அந்த இயந்திரத்தைக் கண்டதில்லை. வரைவதை இயந்திரம் செய்யட்டும். அதனால் மிச்சமாகும் நேரம் நல்லதே. ஆனால் இயந்திரம் வரைந்தது தவறு என்று கண்டுபிடிப்பதற்கு, சரியாக வரையத் தெரிந்த ஒருவர் வேண்டும். இதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆகவே புதுமுகத்துக்கு நான் சொல்ல விரும்புவது உடற்கூறியல் பற்றி. இயற்பியலை எண்ணி அஞ்சுகிறவர்கள் பலரும் உடற்கூறியலைப் பெயர்ப் பட்டியலாகப் படித்துவிட்டு, இரண்டாமாண்டில் தடுமாறுகிறார்கள். நமக்கு வேண்டியது குறுக்குவெட்டு உடற்கூறியல். நாளுக்கு ஒரே ஒரு சி.டி. படத்தை எடுத்துக்கொண்டு, மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் வரையுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் கண் வேறாகிவிடும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிகிச்சைக்கு முன் லினாக்கிலேயே எடுக்கும் படத்தைத் திட்டப் படத்தோடு பொருத்துவது பெரும்பாலும் சிகிச்சையாளரின் பொறுப்பு. விந்துப்பை அருகிலுள்ள புராஸ்டேட் சுரப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பு மிகச் சரியாகப் பொருந்தியிருக்கும். ஆனால் மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால் சுரப்பி முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். சிறுநீர்ப்பை போதிய அளவு நிரம்பாவிட்டால் குடல் கீழே இறங்கிக் கதிருக்குள் வந்திருக்கும். எலும்பை மட்டும் பார்க்கப் பழகிய கண் "பொருந்துகிறது" என்று சொல்லிவிடும். நெடுவழி அவர்கள் சொன்ன முகமூடிக் கதையும் இதே பிழைதான். அப்போது நோயாளியை எழுப்பி, காற்று வெளியேறிய பின், தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காத்திருந்து, மறுபடி படுக்கவைப்பதா அல்லது தொடர்வதா என்ற முடிவு சில நிமிடங்களில் எடுக்கப்பட வேண்டும்.

மனம் தாங்குவது பற்றி ஒன்று மட்டும். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு 8 கிரேயை ஒரே தவணையாகக் கொடுக்கிறோம். அவருக்கு நோய் குணமாகாது என்பது நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த ஒரு நாளுக்காகவும் அதே கவனத்தோடு மேசையை நேராக்க வேண்டும். வலியில் இருப்பவரை இரண்டாம் முறை நகர்த்த நேராதபடி முதல் முறையே சரியாகச் செய்ய வேண்டும். என் மாணவர்களில் இதை நன்றாகச் செய்தவர்கள் அழாதவர்கள் அல்லர்.

புதுமுகம் எழுதியது:

ஏழு மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்புகிறேன். சேர்ந்துவிட்டேன். முதற்பருவ இயற்பியலில் தேறிவிட்டேன். மதிப்பெண் பெரிதாக இல்லை, ஆனால் 98 சென்டிமீட்டர் கணக்கு தேர்வில் வந்தபோது கை நடுங்கவில்லை. சுவடி அம்மா சொன்ன வரைபடங்களில் 140 சேர்ந்திருக்கின்றன.

அடுத்த வாரம் பயிற்சி தொடங்குகிறது. நெடுவழி அண்ணாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் சொன்ன அந்த நாளில், மூத்தவர் "தொடரலாம்" என்று சொன்ன பிறகு, மாணவராகிய நீங்கள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மரியாதை குறையாமல் எப்படிச் சொல்வது?

நெடுவழி எழுதியது:

மகிழ்ச்சி, தங்கையே. அந்தக் கேள்வியை நானும் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"முகமூடி தளர்ந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அது ஒரு கருத்தாகப் போய்விட்டது. "கன்னத்தில் என் விரல் நுழைகிறது, முதல் வாரத்தில் நுழையவில்லை, தோலின் எல்லை திட்டப் படத்தோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கண்டதையும், பார்க்க வேண்டிய இடத்தையும் சேர்த்துச் சொன்னால் எந்த மூத்தவரும் திரையை ஒருமுறை நகர்த்திப் பார்ப்பார். அப்போதும் பார்க்காவிட்டால், "எனக்கு ஐயமாக இருக்கிறது, தொடங்க வேண்டாம்" என்று சொல்லுங்கள். இந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் புதிய சொற்கள் வருவதில்லை.

எங்கள் அறையில் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே, கதிரைத் தொடங்கும் முன் அவர்களுக்கு ஐயம் உண்டா என்று நானே கேட்பேன் எனச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறேன். இரண்டு நொடிதான் ஆகிறது. உங்கள் மூத்தவர் கேட்காவிட்டால், முதல் நாள் காலையிலேயே அவரிடம் தனியாகச் சென்று, "ஐயம் வந்தால் நான் எந்த நேரத்தில், எப்படிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டுவையுங்கள்.